ஆமீனுக்கு ஒரு தாளம்

பெனின் சிட்டியிலிருந்து அவுச்சிக்குப் போகும் சாலையைப் பற்றி நைஜீரியாவில் யாரும் நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்கள். தெற்கிலிருந்து தலைநகர் அபுஜாவுக்குப் போகும் பெருவழி அது. சிமெண்ட் லாரிகளும் எண்ணெய் டேங்கர்களும் இரவு பகலாக அரைத்ததில் பல இடங்களில் தார் இருந்த சுவடே இல்லை. தூரம் சுமார் 130 கிலோமீட்டர்தான். ஆனால் விடியும் முன்பே கிளம்பு, பொழுது சாய்வதற்குள் ஊர் போய்ச் சேர் என்று ஓட்டல்காரர், கடைக்காரர், பாஸ்டர் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். குழிகளுக்காக மட்டும் சொல்லவில்லை. எடோ மாநிலத்தின் காட்டுச் சாலைகளில் ஆள் கடத்தல் நடக்கிறது. 2023 ஜனவரியில் ஒரு ரயில் நிலையத்துக்குள்ளேயே புகுந்து, வண்டிக்குக் காத்திருந்தவர்களைத் துப்பாக்கி முனையில் கொண்டுபோனார்கள்.

நான் ஏறியது ஒரு பழைய டொயோட்டா சியன்னா. ஆள் நிரம்பினால்தான் நகரும். நிரம்பும்வரை சும்மா இருக்க முடியாது. சன்னலோரம் தண்ணீர்ப் பாக்கெட், வேர்க்கடலை, போன் சார்ஜர் எல்லாம் வந்து போகும். கடைசியாக ஒரு பிரசங்கி வருவார். எங்கள் வண்டிக்கு வந்தவர் இயேசுவின் பெயரால் டயரையும் பிரேக்கையும் சாலையையும் ஆசீர்வதித்துவிட்டுக் கையை நீட்டினார். வண்டியில் இருந்தவர்கள் 'ஆமென்' என்றார்கள். தலையில் பின்னல் தொப்பி வைத்திருந்த டிரைவர் கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் சத்தமாக 'ஆமீன்' என்று சொல்லிவிட்டுச் சாவியைத் திருகினார். அந்தப் பகுதியைப் பற்றி நான் படித்திருந்த எல்லாவற்றையும்விட இது அதிகம் சொன்னது.

எக்போமா தாண்டியதும் டிரைவர் பாட்டுப் போட்டார். நான் கேட்காமலே போட்டார். நான் எதற்காக அவுச்சிக்குப் போகிறேனோ அதே பாட்டுக்காரர்: அல்ஹாஜி வசீரி ஒஷோமா. கிடார் ஒன்று ஒரே வரியைத் திரும்பத் திரும்ப மீட்டுகிறது. அதன் அடியில் காங்கா, சுரைக்குடுக்கையில் மணி கோத்த ஷெக்கெரே, இரும்பு மணி. அவசரமே இல்லை. வசீரியின் குரல் பாடுகிறதா, பேசுகிறதா, கண்டிக்கிறதா என்று பிரிக்க முடியாத ஒரு குரல். பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்குப் புத்தி சொல்லும் பெரியவரின் நிதானம் அதில் இருக்கும். இடுப்புக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அந்தக் குரலுக்கு அக்கறை கிடையாது. இடுப்பைத் தாளம் பார்த்துக்கொள்ளும்.

வசீரி பாடும் இந்த ஹைலைஃப் இசை பிறந்தது இங்கே அல்ல. கானா அன்று கோல்ட் கோஸ்ட். அதன் துறைமுகங்களில் கோட்டைப் பட்டாளத்தின் பித்தளை வாத்தியங்களும், கப்பல்காரர்கள் கொண்டுவந்த கிடாரும், ஃபான்டே முதலான அகான் மக்களின் தாளங்களும் கலந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான இசை அது. 1928ல் குமாசி ட்ரையோ என்ற மூவர் லண்டனுக்குப் போய் 'யா அம்போன்சா'வை இசைத்தட்டாக்கினார்கள். 1950களில் ஈ.டி. மென்சாவின் டெம்போஸ் குழு நைஜீரியாவுக்கு வந்து வாசித்த பிறகு லாகோஸ் கிளப்புகள் முழுக்க ஹைலைஃப்தான். பாபி பென்சன், விக்டர் ஒலையா, ரெக்ஸ் லாசன் என்று பெரிய பெயர்கள். பிறகு 1967 முதல் 1970 வரை, கிழக்கு நைஜீரியா பிரிந்துபோக முயன்ற பியாஃப்ரா போர். லாகோஸ் பேண்டுகளில் வாசித்த கிழக்கத்திக்காரர்கள் உயிரைப் பிடித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். லாகோஸை ஜூஜூ இசை எடுத்துக்கொண்டது. ஹைலைஃப் ஊர்ப்பக்கம் போனது. போனது நல்லதற்குத்தான் என்பது என் கட்சி. ஓட்டல் நடன மேடைக்காகத் தேய்த்து மினுக்கிய இசை, ஊருக்கு வந்ததும் ஊர்மொழி பேசியது, ஊர்க்கொட்டு அடித்தது. பெனினில் விக்டர் உவைஃபோ போருக்கு முன்பே, 1965ல், 'ஜொரோமி'யில் அந்த வழியைத் திறந்திருந்தார். வடக்கே எட்சாகோ மக்களின் ஊர்களில் அதே வேலையைச் செய்தவர் வசீரி. கூடவே தன் மார்க்கத்தையும் அதில் ஏற்றினார்.

இருவாவைக் கடந்தோம். லாசா காய்ச்சலுக்குப் பெயர் போன மருத்துவமனை இருக்கும் ஊர். அடுத்து எவு, அங்கே கத்தோலிக்கத் துறவிகள் மடம் வைத்து மூலிகை மருந்து தயாரிக்கிறார்கள். அக்பெடே வந்ததும் சாலையோரக் காட்சி மாறுகிறது. தேவாலயப் போர்டுகளுக்கு நடுவே மினார்கள் தலைகாட்டுகின்றன. கொஞ்ச தூரத்தில் அவுச்சி. மண் ரத்தச் சிவப்பு. மழை அரித்து அரித்து ஊரின் விளிம்பிலேயே பாதாளம்போல் பள்ளங்கள் திறந்திருக்கின்றன. அவற்றின் உதட்டில் வீடுகள் நிற்கின்றன. அரசியல்வாதிகள் ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்து அந்தப் பள்ளங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்களாம்.

தெற்கு நைஜீரியா கிறிஸ்தவம், வடக்கு நைஜீரியா இஸ்லாம் என்று செய்தித்தாள் வரைந்துவைத்திருக்கும் கோட்டுக்குள் அவுச்சி அடங்காது. எடோ மாநிலம் பெரும்பாலும் கிறிஸ்தவர்களுடையது. 'ஒட்டாரு' என்ற பட்டம் தாங்கும் அவுச்சியின் அரசர் முஸ்லிம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிடா நகரத்து நூப்பே குதிரைப்படை நைஜர் ஆற்றைத் தாண்டி வந்து இந்தக் குன்றுகளைக் கப்பம் கட்ட வைத்தது. அடிமைகளைப் பிடித்துக்கொண்டு போனது. அதே பாதையில் இஸ்லாமும் வந்தது. 1897ல் ராயல் நைஜர் கம்பெனி பிடாவை வீழ்த்தியது. நூப்பே ஆட்சி போனது, தொழுகை நிலைத்துவிட்டது. பின்னாலேயே மிஷன் பள்ளிக்கூடங்கள் வந்தன. ஆக, ஒரே வீட்டில் அண்ணன் முஸ்தபா, தம்பி பீட்டர். ரம்ஜான் பெருநாள் சோறு பீட்டர் வீட்டுக்கும், கிறிஸ்துமஸ் சோறு முஸ்தபா வீட்டுக்கும் போகும். ஆடு அறுக்க மட்டும் முஸ்லிமைக் கூப்பிடுவார்கள். அறுத்தவர் யார் என்ற ஒன்றைச் சரிசெய்துவிட்டால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரலாமே.

வசீரியின் பாட்டு இந்தப் பந்திக்கான பாட்டு.

சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வயதான தையற்காரர் கடை வைத்திருந்தார். எல்லோரும் அவரை 'பாபா' என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். இந்தியாவிலிருந்து வந்தவன் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. 1970களில் எண்ணெய்ப் பணம் கொழித்து, போகிற இடமெல்லாம் பள்ளிக்கூடம் கட்டிய காலத்தில் நைஜீரியா இந்தியாவிலிருந்து ஆசிரியர்களைக் கொண்டுவந்தது. அதில் தமிழர்களும் மலையாளிகளும் கணிசம். பாபாவின் தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அப்படி ஒரு இந்தியராம். 'கணக்கு வந்தது, அடியும் வந்தது' என்றார். பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்து, துணிச் சுருளுக்கு அடியிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்தார். உறையின் ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது. தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து, உள்ளங்கையின் சதைப்பகுதியால் தூசியைத் தள்ளிவிட்டு, வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். 'இந்தப் பக்கம் பார், எத்தனை பாட்டு?' கோடுகளுக்கு இடையே வெற்றுவெளியே காணோம். ஒரு பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோதான். ரேடியோக்காரன் கேட்கும் மூன்று நிமிடப் பாட்டு வசீரிக்குச் சரிப்படாது. பத்து நிமிடத்தைச் சாதாரணமாகத் தாண்டுவார். அதைக் கேட்க பாபாவிடம் இப்போது பெட்டி இல்லை. ஊசி கிடைக்காமல் போய்ப் பல வருடமாகிவிட்டது.

அந்தத் தட்டுகள் 1978க்கும் 1984க்கும் இடையில் வந்தவை. ஐந்து தொகுதிகள். குழுவின் பெயர் 'ட்ரடிஷனல் சவுண்ட் மேக்கர்ஸ்'. அதில் சேக்சஃபோன் உண்டு, மின்சார கிடார் உண்டு, போகப் போக சிந்தசைசரும் வந்து சேர்ந்தது. இத்தனையையும் வைத்துக்கொண்டு, பாரம்பரிய ஒலிக்காரர்கள் என்று கூச்சமில்லாமல் பெயர் வைத்துக்கொண்டார்கள். பாட்டின் மொழி பெரும்பாலும் எட்சாகோ. நடுநடுவே ஆங்கிலம் வரும். கைக்கு வந்த எந்தக் கருவியையும் வாசிக்கலாம். மொழியும் தாளமும் ஊருடையதாக இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

ஆண்டுகளைக் கவனியுங்கள். 1978 நைஜீரியாவில் லேசான ஆண்டல்ல. புதிய அரசியலமைப்பை எழுதிய அவையில் ஷரீஆ மேல்முறையீட்டு நீதிமன்றம் வேண்டுமா வேண்டாமா என்று தகராறு. அந்த ஏப்ரலில் முஸ்லிம் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அதே ஆண்டு ஜோஸ் நகரத்தில் 'இஸாலா' இயக்கம் தொடங்கியது. சூஃபிகளின் சடங்குகள் எல்லாம் பித்அத், மார்க்கத்தில் இல்லாத புதுமை என்பது அதன் பிரசாரம். கானோவில் காதிரிய்யா என்ற சூஃபி வழியினர் இறைவனை நினைந்து ஓதும் திக்ருக்கு பந்திரி அடிப்பார்கள். நம் ஊர்ப் பக்கிர்கள் கையில் வைத்திருக்கும் தாயிராவைப் போன்ற தோற்கருவி அது. அதுவே கூடாது என்று சண்டை. 1980 டிசம்பரில் அதே கானோவில் மைத்தாத்சினே என்ற போதகரின் சீடர்கள் கிளப்பிய கலவரம். விசாரணைக் குழுவின் கணக்குப்படி நாலாயிரத்துக்கும் மேல் சாவு. மதம் என்றால் பல்லைக் கடித்துப் பேச வேண்டிய விஷயம் என்று நாடே பழகிக்கொண்டிருந்த ஆறு வருடங்களில், அவுச்சியில் ஒரு ஹாஜியார் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஜனங்களை ஆடவைத்தார்.

அவருடைய பாட்டு ஒன்றின் தலைப்பே ஒரு துஆ: இறைவா, அவர்களை மன்னித்துவிடு. தலைப்பிலேயே இரண்டு முறை ஆமீனும் உண்டு. தனக்குத் தீங்கு நினைப்பவர்களுக்காகக் கேட்கும் மன்னிப்பு. இன்னொன்று 'ஜெலஸி', பொறாமையைப் பற்றி. மற்றொன்று 'மை லக்'. தலைப்புகளைப் பார்த்தாலே தெரியும், வெள்ளிக்கிழமை மிம்பரிலிருந்து இமாம் எடுக்கக்கூடிய விஷயங்கள்தான்: பொறாமைப்படாதே, கொடுத்தவன் அவன், மன்னித்துவிடு. யொரூபா முஸ்லிம்களிடமும் இப்படி ஒரு மரபு உண்டு. ரம்ஜான் இரவில் சஹருக்கு எழுப்பப் பையன்கள் கொட்டிக்கொண்டு போன 'வெரே' பாட்டிலிருந்துதான் ஃபூஜி இசை வந்தது. ஆனால் ஃபூஜியில் தோற்கருவிகளும் குரலும்தான் பிரதானம். கிடாருக்கு அங்கே பெரிய வேலையில்லை. வசீரியிடம் கிடாரும் ஊதுகருவியும் முழு ஹைலைஃப். அதனால் அவர் பாட்டில் உபதேசம் இருந்தும் உபதேசத்தின் கனம் இல்லை.

2022ல் நியூயார்க்கின் லுவாகா பாப் நிறுவனம் இந்தத் தட்டுகளிலிருந்து பாட்டுகளைத் தொகுத்து மறுபடி வெளியிட்டது. பாடகர் டேவிட் பைர்ன் தொடங்கிய நிறுவனம் அது. அவர்கள் வைத்த தலைப்பு 'அல்ஹாஜி வசீரி ஒஷோமாவின் முஸ்லிம் ஹைலைஃப்'. உலக ஆன்மிகச் செவ்வியல் இசை என்ற வரிசையில் மூன்றாவது வெளியீடு. முதலாவது ஆலிஸ் கோல்ட்ரேனின் ஆசிரம பஜனைகள், இரண்டாவது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் காஸ்பல் பாடல்கள். எழுபதைக் கடந்த வசீரிக்கு, எட்சாகோ நாட்டுக்கு வெளியே காது கிடைத்தது இதனால்தான். அதற்காக அந்த நிறுவனத்துக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் 'ஆன்மிகம்' என்ற அட்டைப்பெட்டி அவருக்குச் சரியாகப் பொருந்தவில்லை. ஆலிஸ் கோல்ட்ரேன் உலகத்தை விட்டு விலகி உட்கார்ந்து பாடியவர். வசீரி உலகத்தின் நட்டநடுவில், பணக்காரர்களின் பந்தலில் நின்று பாடியவர். அதே தொகுப்பில் 'அல்ஹாஜி யெசுஃபு சாடோ மேனேஜிங் டைரக்டர்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. ஒரு புரவலரின் பெயர், அவர் ஹஜ் போய்வந்த பட்டம், அவர் வகித்த பதவி என மூன்றும் தலைப்பிலேயே வந்துவிட்டன. எண்ணெய்ப் பணம் வந்த காலம். லாரி வாங்கியவர், கான்ட்ராக்ட் எடுத்தவர், மக்காவுக்கு விமானம் ஏறியவர் எல்லோருக்கும் தங்கள் பெயர் தாளத்தில் ஒலிக்க வேண்டியிருந்தது. பாடினவருக்கும் குழுவுக்கும் அதுவே சோறு. துதியும் துஆவும் ஒரே மூச்சில் வரும். இரண்டையும் பிரித்தெடுத்து, துஆவை மட்டும் நமக்குப் பரிமாறினால் அது பாதி வசீரிதான்.

பந்தல் எப்படி இருக்கும் என்பதை ஒரு சனிக்கிழமை கல்யாணத்தில் பார்த்தேன். காலையில் நிக்காஹ் முடிந்திருந்தது. மணமகளின் தாய்வழிச் சொந்தம் கத்தோலிக்கர். சர்ச் பெண்கள் அத்தனை பேரும் ஒரே பூப்போட்ட துணியில் உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். பந்தலின் இந்தப் பக்கம் மால்ட் பானம், அந்தப் பக்கம் பீர். நடுவில் இடித்த கிழங்கும் எகூசிக் குழம்பும் எல்லோருக்கும் பொது. வாசலில் ஒரு பெண் சிறிய மேசை போட்டுப் புத்தம் புதிய நூறு, இருநூறு நைரா நோட்டுக் கட்டுகளை விற்றுக்கொண்டிருந்தாள். பணத்தைப் பணத்துக்கு விற்பது. அதில் அவளுக்குக் கமிஷன்.

எதற்கென்று சற்று நேரத்தில் தெரிந்தது. உள்ளூர்க் குழு ஒன்று வசீரியின் பாட்டை எடுத்தது. இரண்டு கிடார், ஒரு கீபோர்டு, ஷெக்கெரேயோடு இரண்டு பெண்கள். பாடகர் முன்வரிசையில் இருந்த ஒரு கனத்த மனிதரைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், பாட்டு மூலத்தை விட்டுவிட்டு அந்த மனிதரின் தகப்பனார் பெயருக்குப் போனது, தாயார் ஊருக்குப் போனது, அவர் கட்டிய ஆழ்துளைக் கிணற்றுக்குப் போனது. அந்தப் பெரிய மனிதர் எழுந்தார். தோள் மட்டும் அசைய மெல்ல ஆடிக்கொண்டே வந்து, கட்டிலிருந்து ஒவ்வொரு நோட்டாகக் கட்டைவிரலால் நகர்த்திப் பாடகரின் நெற்றியில் ஒட்டினார். வியர்வையில் ஒரு நொடி ஒட்டியிருந்து கீழே விழுந்தது. ஒரு பையன் குனிந்தபடியே சுற்றிச் சுற்றிப் பொறுக்கிப் பையில் போட்டான். கட்டு தீரும்வரை பாட்டு தீராது. பத்து நிமிடப் பாட்டுக்கு என்ன காரணம் என்று இசை விமர்சகர்கள் எழுதியதை எல்லாம்விட இந்தக் காட்சி நன்றாக விளக்கியது. தீர்ந்ததும் பாடகர் கையை ஏந்தினார்: கொடுத்தவருக்கு இறைவன் இன்னும் கொடுக்கட்டும். கோரஸ்: ஆமீன். பீர்ப் பக்கத்திலிருந்தும் வந்தது ஆமீன்.

நோட்டை இப்படி வீசுவதும் மிதிப்பதும் 2007 மத்திய வங்கிச் சட்டப்படி குற்றம். குறைந்தது ஆறு மாதச் சிறை, அல்லது குறைந்தது ஐம்பதாயிரம் நைரா அபராதம், அல்லது இரண்டும். அண்மைக் காலத்தில் நிஜமாகவே சிலரைப் பிடித்துத் தண்டித்தும் இருக்கிறார்கள். அந்தப் பந்தலில் போலீஸ்காரர் ஒருவரும் இருந்தார். அவர் வாசலில் மேசை போட்ட பெண்ணிடம் சில்லறை மாற்றிக்கொண்டிருந்தார்.

பாட்டு ஹராமா இல்லையா என்ற கேள்வியைப் பாபாவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். ஊரில் இப்போது இளைஞர்கள் சிலர் கூடாது என்கிறார்களாம், அரபு நாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள். 'அவர்கள் கல்யாணத்தில் பாட்டு வைப்பதில்லை. நாங்கள் போவோம், சாப்பிடுவோம், துஆ செய்துவிட்டு வந்துவிடுவோம். எங்கள் கல்யாணத்துக்கு அவர்கள் வருவார்கள், பாட்டு ஆரம்பித்ததும் போய்விடுவார்கள்' என்றார். சண்டை இல்லையா என்றேன். 'எதற்குச் சண்டை? சாப்பிட்டுவிட்டுத்தானே போகிறார்கள்.'

வசீரியின் மனைவி ஹசானா வசீரியும் பாடகி. பெஞ்சி என்ற இசைவகையின் ராணி என்று அவரை இங்கே சொல்கிறார்கள். அவருடைய பாட்டுகள் வேகம் கூடியவை. ஒரு முஸ்லிம் வீட்டுப் பெண் கணவரோடு மட்டுமல்லாமல் தனியாகவும் மேடையேறிப் பெயர் வாங்கியது பற்றித் தனியாக எழுத வேண்டும். எழுதத் தக்கவர் எட்சாகோ மொழி தெரிந்தவராக இருக்க வேண்டும். லாகோஸ் பத்திரிகைகள்கூட இந்த இருவரைப் பற்றி எழுதிய அளவு குறைவுதான். அமெரிக்கக் கம்பெனி ஒன்று வந்து தூசி தட்டிய பிறகுதான் தங்கள் ஊர் ஹாஜியாரின் பெயர் தலைநகரத்து இளைஞர்களுக்குத் தெரிந்தது என்பதை அவுச்சிக்காரர்கள் பெருமையும் எரிச்சலும் கலந்து சொல்கிறார்கள். எரிச்சல் நியாயமானது.

அவுச்சிக்குப் போக நினைப்பவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உலர்காலத்தில் போங்கள். மழையில் அந்தச் சாலை சாலையாக இருக்காது. பெனினிலிருந்து காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். சனிக்கிழமை ஊரில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்; கல்யாணம் நடக்காத சனிக்கிழமை அங்கே அபூர்வம், அழைப்பில்லாத விருந்தாளியை விரட்டும் வழக்கமும் இல்லை. போக முடியாதவர்களுக்கு அந்த ஐந்து தொகுதிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. மன்னிப்புப் பாட்டிலிருந்து தொடங்குங்கள், அடுத்து மேனேஜிங் டைரக்டர். இந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் தள்ளிவிடாமல் கேட்டால்தான் அந்த ஊர் பிடிபடும்.